காற்றாலைகளை நெருக்கி நடும் முறையும் கருங்கல் பகுதியும்

காற்றினின்றும் மின்சாரம் எடுத்தல் கன்னியாகுமரி ஜில்லாவாசிகளுக்குப் புதிய விஷயமன்று. தோவாளைத் தாலுகாவைச் சேர்ந்த ஆரல்வாய்மொழிக் கணவாயிலும், அதை அடுத்த முப்பந்தலிலும், மூன்று கைகளையுடைய பெரிய காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் நின்று சுழல்வதை நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் எவரும் கண்டிருப்பர். 1986-ஆம் வருஷத்தில் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் பரீட்சைக்காகச் சில சிறிய காற்றாலைகள் நிறுவப்பட்டதே இம்மாகாணத்தில் இம்முயற்சியின் தொடக்கம். அதன் பின்னர் அது வெகு விரைவாய் வளர்ந்து, இன்று முப்பந்தலைச் சுற்றியுள்ள பிரதேசம் இந்தியாவிலேயே காற்று மின்சாரத்துக்குப் பேர்பெற்ற இடங்களுள் முதன்மையானதாய் விளங்குகிறது.

ஆயினும் மேற்கே கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கங்களில் இம்முயற்சி பரவவில்லை. கருங்கல் பகுதியில் நிலம் வைத்திருப்போர் பலரிடத்து ஓர் எண்ணம் உண்டு: தங்கள் விளைகள் சிறியவை, ஒரு பெரிய காற்றாலைக்கு வேண்டிய இடமோ அதனைச் சுற்றி விடவேண்டிய வெளியோ தங்களிடம் இல்லை, ஆதலால் காற்றினால் தங்களுக்குப் பயனில்லை என்பது. இவ்வெண்ணத்தை மாற்றத்தக்க செய்தியொன்று சில வருஷங்களாய் உலவி வருகிறது. செங்குத்தான அச்சில் பம்பரம்போற் சுற்றும் சிறு காற்றாலைகளை ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும், ஜோடி ஜோடியாகவும் நட்டால், அதே நிலத்திலிருந்து பத்து மடங்கு மின்சாரம் கிடைக்கும் என்பதே அச்செய்தி. இது முழுப் பொய்யன்று. ஆனால் பெரும்பாலோர் விளங்கிக்கொள்ளும் விதத்தில் மெய்யுமன்று. இதை நம்பிப் பணம் போட நினைப்போர் முதலில் இதன் உட்பொருளை நன்றாய் ஆராய்தல் அவசியம்.

கிடையான அச்சில் சுழலும் காற்றாலைகளுக்கு நடுவே ஏன் அவ்வளவு வெளி விடுகிறார்கள் என்பதைப் பாசனத்தில் பழகிய குடியானவர் எளிதில் அறிவர். பேச்சிப்பாறை அணையிலிருந்து வரும் கால்வாயில் தலைமடைக்காரர் மிகுதியாய் நீரெடுத்தால் கடைமடைக்கு நீர் குறையும். காற்றிலும் அவ்வாறே. முன்நிற்கும் காற்றாலை காற்றின் வேகத்தில் ஒரு பாகத்தைப் பறித்துக்கொள்கிறது. அதன் பின்னே காற்று தளர்ந்தும் சுழித்தும் செல்கிறது. பின்நிற்பதற்கு அத்தளர்ந்த காற்றே கிடைக்கும். ஆகவேதான் காற்று வரும் திசைக்குக் குறுக்கே ஐந்து விட்டமும், காற்றுச் செல்லும் திசையில் ஏழு விட்டமும் இடைவெளி விடவேண்டும் என்னும் விதி இந்நாட்டில் வெகுகாலமாய் அநுஷ்டிக்கப்பட்டு வந்தது. விட்டம் என்பது சுழலும் கைகள் வரையும் வட்டத்தின் அகலம். 80 மீட்டர் விட்டமுள்ள ஒரு காற்றாலைக்குக் குறுக்கே 400 மீட்டரும் நெடுக்கே 560 மீட்டரும் என்றால், ஐம்பது ஏக்கருக்கு மேல் ஒரே ஒரு காற்றாலைதான் நிற்கும். கருங்கலில் ஐம்பது ஏக்கர் என்பது எத்தனை பேருடைய புரையிடம் என்று கிராம உத்தியோகஸ்தர்களுக்குச் சொல்லவேண்டுவதில்லை. இவ்விதம் நட்டும் ஒரு சதுர மீட்டர் நிலத்துக்குக் கிடைப்பது சராசரி 2 அல்லது 3 வாட் மின்சாரமே.

செங்குத்து அச்சு யந்திரங்கள் வேறு வகையின. பாரசீகத்தின் கிழக்குப் பாகத்தில் மரத்தாலும் மண்ணாலும் செய்த இத்தகைய ஆலைகள் பல நூற்றாண்டுகளாய்த் தானியம் அரைத்து வந்திருக்கின்றன. பின்லாந்து தேசத்துச் சவோனியஸ் என்பவர் பீப்பாயைப் பிளந்து எதிரெதிராய் வைத்தது போன்ற ஒரு வடிவத்தை 1920-களில் அமைத்தார். பிரெஞ்சுக்காரரான டாரியூஸ் வளைந்த அலகுகளையுடைய வேறொரு வடிவத்தை அமைத்து, அதற்கு 1931-இல் அமெரிக்க உரிமைப் பத்திரம் பெற்றார். இவற்றின் சௌகரியங்கள் வெளிப்படை. காற்று எத்திசையில் வந்தாலும் இவை சுற்றும், யந்திரத்தைத் திருப்பவேண்டுவதில்லை. மின்னாக்கி முதலிய பாரமான பாகங்கள் தரையிலேயே இருக்கும். பழுதுபார்க்க உயரே ஏறவேண்டுவதில்லை.

ஜோடி சேர்த்து நடும் முறையைப் பற்றிய செய்திக்கு மூலமாயிருந்தவர் அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்து ஆசிரியராயிருந்த ஜான் டபீரி என்பவர். மீன்கள் கூட்டமாய் நீந்தும்போது முன்செல்லும் மீன் விடும் நீர்ச்சுழியைப் பின்செல்லும் மீன் தனக்கு உதவியாக்கிக்கொள்வதை ஆராய்ந்து வந்த அவர், அக்கணக்கையே காற்றாலைகளுக்குப் பொருத்திப் பார்த்தார். 2010-ஆம் வருஷக் கோடையில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடக்கேயுள்ள வறண்ட வெளியொன்றில், 10 மீட்டர் உயரமும் 1.2 மீட்டர் அகலமுமுள்ள ஆறு செங்குத்து அச்சு யந்திரங்களைப் பலவிதமாய் இடம் மாற்றி நிறுத்திப் பரீட்சித்தார். பக்கத்துப் பக்கத்து யந்திரங்கள் ஒன்று வலமாகவும் மற்றொன்று இடமாகவும் சுற்றும்படி அமைக்கப்பட்டன. இவ்வாறு சுற்றினால் இரண்டுக்கும் நடுவேயுள்ள அலகுகள் ஒரே திசையில் ஓடும்; ஆகவே ஒன்று கலைத்த காற்றை மற்றொன்று மேலும் கலைப்பதில்லை. அன்றியும் யந்திரத்தால் தடைப்பட்ட காற்று பக்கத்தே ஒதுங்கி, இடைவெளியில் சற்று வேகமாய்ப் பாய்கிறது. நான்கு விட்டம், அதாவது ஏறக்குறைய 5 மீட்டர் தூரத்தில் நின்ற பின் யந்திரம் தனித்து நின்றதற்குக் கிட்டத்தட்டச் சமமாகவே வேலை செய்தது. 2011-இல் வெளியான முடிவின்படி, நிலத்தின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 21 முதல் 47 வாட் வரை கிடைத்தது. 2021-இல் இங்கிலாந்திலுள்ள ஆக்ஸ்போர்டு புரூக்ஸ் சர்வகலாசாலையார் கணிப்பொறியால் செய்த ஆராய்ச்சியில், தக்கபடி ஜோடி சேர்த்த யந்திரங்கள் ஒன்றையொன்று 15 சதவிகிதம் வரை ஊக்கலாம் என்று கண்டனர்.

இங்கேதான் நிதானிக்கவேண்டும். பத்து மடங்கு என்பது நிலத்தின் அளவுக்குச் சொன்ன கணக்கேயன்றி, யந்திரத்துக்குச் சொன்ன கணக்கன்று. ஒரு யந்திரம் தனியே நின்றால் எவ்வளவு தருமோ, நெருங்கி நின்றாலும் அவ்வளவே தரும். மிகவும் நன்றாய் அமைந்தால் சிறிது கூடுதலாய்த் தரும். நெருக்கத்தால் மிச்சமாவது நிலம். யந்திரத்தின் விலை மிச்சமாவதில்லை. தென்னையை 25 அடிக்கு ஒன்றாய் நடுவதற்குப் பதில் 15 அடிக்கு ஒன்றாய் நட்டும் ஒவ்வொரு மரமும் முன்போலவே காய்த்தால், ஏக்கருக்குக் காய் மிகும். ஆனால் கன்றும் குழியும் உரமும் அதற்கேற்ப மிகும். "பத்து மடங்கு" என்று மட்டும் சொல்லி முன்பணம் கேட்பவர் எவராயிருந்தாலும், எதற்குப் பத்து மடங்கு என்று அவரைக் கேட்பது நிலச்சொந்தக்காரரின் கடமை.

இரண்டாவது, ஆறு யந்திரங்களுக்குப் பொருந்திய கணக்கு அறுநூறுக்குப் பொருந்துமா என்பது. ஆறு யந்திரங்களுக்கு நாற்புறத்திலிருந்தும் புதுக் காற்று வரும். பரந்த தோட்டமாய் நட்டால் நடுவிலுள்ளவற்றுக்கு மேலிருந்து இறங்கும் காற்றே கதி. மேற்காற்று கீழே இறங்கிக் கலப்பதற்கு ஓர் அளவுண்டு. அவ்வளவுக்கு மேல் எவ்வளவு நெருக்கி நட்டும் பயனில்லை. ஆதலால் 47 வாட் என்னும் தொகையை ஏக்கருக்குப் பெருக்கி, 190 கிலோவாட் வருமென்று காகிதத்தில் காட்டுவது பிழையான கணக்கு.

மூன்றாவது காற்றின் வேகம். எல்லாவற்றிலும் பெரியது இதுவே. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகிறது. வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்காய்க் குறைகிறது. அதிலும் முழுவதையும் எடுக்க எந்த யந்திரத்தாலும் இயலாது. கிடை அச்சு யந்திரத்தை எவ்வளவு திறமையாய்ச் செய்தாலும் காற்றின் சக்தியில் 59 சதவிகிதத்துக்குச் சற்று மேல் எடுக்க முடியாதென ஜெர்மானியரான பெட்ஸ் நூறு வருஷங்களுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டினார். சிறிய செங்குத்து அச்சு யந்திரத்துக்கு 25 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வதே தாராளமான மதிப்பு. அலகின் உயரம் 6 மீட்டரும் அகலம் 1.2 மீட்டரும் உள்ள ஒரு யந்திரத்தை எடுத்துக்கொள்வோர்க்குக் கணக்கு இவ்வாறு வரும். விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் 550 வாட் கிடைக்கும். 5 மீட்டர் வேகமானால் 135 வாட். 3 மீட்டர் வேகமானால் 29 வாட். அதாவது இரண்டு மூன்று சிறு விளக்குகளுக்குப் போதும்.

கிணற்றில் 5 குதிரைச்சக்தி மோட்டார் ஓட 3.7 கிலோவாட் வேண்டும். 8 மீட்டர் காற்றில் ஏழு யந்திரங்கள் அதனை ஓட்டும். 5 மீட்டர் காற்றில் இருபத்தேழு வேண்டும். 3 மீட்டர் காற்றில் நூற்றிருபதுக்கு மேல் வேண்டும். ஐந்து மீட்டருக்கு ஒன்றாய் நட்டால் ஓர் ஏக்கரில் 160 யந்திரங்கள் நிற்கும். ஆகவே மந்தமான காற்றுள்ள இடத்தில் ஓர் ஏக்கர் முழுவதும் இரும்பைப் பயிரிட்டு ஒரு மோட்டாரை ஓட்டலாம். நூற்றறுபது அஸ்திவாரமும், நூற்றறுபது உருளைத் தாங்கியும், அவற்றை இணைக்கும் கம்பியும் வாங்கியவர் அதன் வட்டியையாவது எடுப்பாரா என்பது யோசிக்கத்தக்கது.

கருங்கல் பகுதியின் காற்று எத்தகையது? ஆரல்வாய்மொழியில் காற்று பலமாய் வீசுவதற்குக் காரணம் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரால் தடுக்கப்பட்டு, மலை முடியும் அவ்விடுக்கு வழியே நெருங்கிப் பாய்வதால் வேகம் பெறுகிறது. கருங்கல் கணவாய்க்கு மேற்கே, கடலுக்கும் மலைக்கும் இடையே கிடப்பது. இங்கே காற்றை நெருக்கித் தள்ளும் மலையிடுக்கு இல்லை. கடல் சில மைல் தூரத்தில் இருந்தபோதிலும், நடுவே தென்னையும் பலாவும் ரப்பரும் அடர்ந்து நிற்கின்றன. செம்மண் மேடுகளும் பள்ளங்களுமாய்த் தரை ஏறி இறங்குகிறது. தென்னையின் உச்சி சாதாரணமாய் 15 முதல் 20 மீட்டர் உயரத்தில் நிற்க, 10 மீட்டர் யந்திரம் அதன் கீழே நின்றால் தோப்பின் உள்ளே விசிறி வைத்தது போலாகும். யந்திரத்தின் அலகு சுற்றிலும் நூறு நூற்றைம்பது மீட்டருக்குள் உள்ள மரத்தையும் கட்டடத்தையும் விட 10 மீட்டராவது உயர்ந்திருத்தல் வேண்டும் என்பது அநுபவஸ்தர்கள் சொல்லும் விதி. அவ்வளவு உயரக் கம்பத்தில் ஏற்றினால், யந்திரம் தரையிலேயே இருக்கும் என்ற சௌகரியமும் போய்விடுகிறது. தோப்பை வெட்டி வெளியாக்கலாம் என்று எவரேனும் சொன்னால், அவர் தேங்காயின் விலையை மறந்தவர்.

பருவத்தையும் பார்க்கவேண்டும். மேல்காற்று ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் வலுக்கிறது. அதே மாதங்களில்தான் ஜில்லாவின் மேற்குப் பாகத்தில் மழையும் பெய்கிறது. கன்னிப்பூப் பயிருக்கு நீர் இறைக்கவேண்டிய அவசியம் அப்போது குறைவு. வாழைக்கும் காய்கறிக்கும் நீர் இறைக்கவேண்டிய மாசி, பங்குனியில் அக்காற்று இராது. ஆகவே காற்றைக் கொண்டு நேரே நீர் இறைக்கலாம் என்னும் யோசனை இப்பகுதிக்குப் பொருந்தாது. அன்றியும் இம்மாகாணத்தில் 1990-ஆம் வருஷம் முதல் விவசாயப் பம்புகளுக்கு மின்சாரம் இலவசமாய்க் கொடுக்கப்பட்டு வருகிறது. இலவசமாய்க் கிடைப்பதைச் சொந்தச் செலவில் உண்டாக்குவதில் லாபம் ஏது? மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்பதாயிருந்தால் அது வேறு கணக்கு. அதற்கு முன்கூட்டிய உடன்படிக்கையும், கம்பி இணைப்பும், அளவுப்பெட்டியும் வேண்டும். சிறு யந்திரங்களுக்கு இச்செலவு பாரமாய் அமையும்.

யந்திரத்தின் உறுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. செங்குத்து அச்சு யந்திரத்தின் அலகு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தரம் காற்றை எதிர்த்தும் ஒரு தரம் காற்றோடும் செல்வதால், அதன்மேல் விழும் பாரம் ஓயாமல் மாறுகிறது. உலோகம் நாளடைவில் களைத்து விரிசல் காண்கிறது. 1980-களில் கலிபோர்னியாவில் ஃபுளோவிண்ட் என்னும் கம்பெனியார் ஐந்நூறுக்கு மேற்பட்ட டாரியூஸ் யந்திரங்களை நிறுவினர்; அலகுகள் இவ்விதம் பழுதடைந்தன; 1997-இல் கம்பெனியே முறிந்தது. கனடா தேசத்துக் கியூபெக்கில் 110 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்ட ஏயோல் என்னும் ராட்சத யந்திரம் அடித்தாங்கி கெட்டு 1993-இல் நின்றது. இன்றும் காட்சிப்பொருளாய் நிற்கிறது. பெரிய கம்பெனிகள் எல்லாம் கிடை அச்சையே பற்றிக்கொண்டதற்கு இவையும் காரணம். கடலோரத்தில் உப்புக்காற்றும் இரும்பை அரிக்கும். 2017-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் இந்த ஜில்லாவில் ரப்பரையும் வாழையையும் தென்னையையும் வேரோடு சாய்த்து, மின்கம்பங்களை முறித்ததை மறந்தவர் இரார். அத்தகைய நாளில் யந்திரத்தை நிறுத்திக் கட்டிவைக்கவோ சாய்த்து இறக்கவோ வழியில்லாத எந்த அமைப்பும் இங்கே நடத்தக்கதன்று.

காற்றாலை வரிசை வாழைக்குக் காற்றுத்தடுப்பாய் உதவும் என்று சொல்வாரும் உளர். அதற்குச் சவுக்கு போதும், விலையும் குறைவு.

இவ்வளவும் கூறியதால் இம்முறையை அடியோடு தள்ளவேண்டும் என்பதன்று கருத்து. நிலம் மிகுந்த சீமையில் நெருக்கி நடுதலுக்கு மதிப்பில்லை. கருங்கல் போலக் குடும்பத்துக்கு ஐம்பது சென்ட், ஓர் ஏக்கர் என்று பிரிந்து கிடக்கும் ஊரில்தான் நிலத்தைச் சிக்கனப்படுத்தும் முறைக்கு மெய்யான பயன் உண்டு. ஐந்து விட்டம் ஏழு விட்டம் என்னும் விதியின் கீழ் சிறு நிலச்சொந்தக்காரருக்குக் காற்றில் பங்கே இல்லை. ஒன்று நிலத்தை விற்கவேண்டும், அல்லது வேடிக்கை பார்க்கவேண்டும். ஜோடி முறையில் அவருக்கும் ஒரு பங்கு வரக்கூடும். கிடை அச்சு யந்திரங்கள் நிற்கும் முப்பந்தலிலேயே, அவற்றின் நடுவே வெறிதாய்க் கிடக்கும் தரையில், தாழ்ந்த காற்றை எடுக்கச் சிறு யந்திரங்களை ஜோடியாய் நட்டுப் பார்ப்பது கருங்கலில் நடுவதைவிட முதலில் செய்யத்தக்க பரீட்சை. பலமான காற்று அங்கே உண்டு, மரமில்லை, மின்கம்பியும் பக்கத்திலேயே இருக்கிறது.

கருங்கல் பகுதியில் தகுதியுள்ள இடம் இருக்குமானால், அது உள்விளைகளில் இராது. குறும்பனை, மிடாலம், இனையம் முதலிய கரையோரத்தில் கடலை நேரே நோக்கிய திறந்த மேடுகளில் இருக்கலாம். அங்கேயும் கடற்கரை ஒழுங்கு விதிகளின் கீழ் அநுமதி பெறாமல் ஒரு கல்லும் ஊன்றக்கூடாது. வலை உலர்த்தும் இடத்துக்கும் வள்ளம் ஏற்றும் வழிக்கும் இடையூறு செய்யவும் கூடாது. கரையிலுள்ளோரின் சம்மதம் விவசாயிகளின் சம்மதத்தைப் போலவே அவசியம்.

அவ்வாறான ஓரிடத்தில் யந்திரம் வைப்பதற்கு முன், வேகமானியும் திசைகாட்டியும் பொருத்திய கம்பம் ஒன்றை நட்டு, 10 மீட்டர் உயரத்திலும் 20 மீட்டர் உயரத்திலும் ஒரு வருஷம் முழுவதும் அளந்து எழுதவேண்டும். நான்கு மாதக் கணக்குப் போதாது. ஆடி மாதத்தில் மட்டும் அளந்து காட்டும் கணக்கு விற்பவரின் கணக்கு. வருஷச் சராசரி 5 மீட்டருக்குக் குறைந்தால் அம்முயற்சியை அங்கேயே நிறுத்திவிடலாம். குறையாவிட்டால் எட்டு யந்திரங்களை நான்கு ஜோடியாகவும், அதே வகை யந்திரம் ஒன்றைத் தூரத்தே தனியாகவும் நட்டு, இரண்டையும் ஒரே காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். தனி யந்திரம் இல்லாத பரீட்சை வீண். ஜோடி சேர்த்ததால் வந்த பலன் எது, நல்ல காற்றால் வந்த பலன் எது என்று அதில் பிரித்தறிய இயலாது. சென்னையிலுள்ள தேசியக் காற்றுச்சக்தி நிலையத்தார் கயத்தாற்றில் காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையம் வைத்திருக்கின்றனர். அங்கே சோதித்துத் தேறாத யந்திரத்தை இப்பரீட்சைக்குக் கொள்ளவேண்டாம். இச்செலவைத் தனிக் குடியானவர் தலையில் வைப்பது நியாயமன்று. பரீட்சை சர்க்காருடையதாய் இருக்கவேண்டும். முடிவு நல்லதாயினும் கெட்டதாயினும் ஊராருக்கு வெளியிடப்படவேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் வேறொன்று. நீருக்கு மாமூல் உண்டு, முறைப்பாடு உண்டு, காற்றுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒருவர் தம் எல்லையோரத்தில் யந்திரம் நட்டால், கிழக்கே அடுத்த விளைக்காரர் பின்னர் நடக்கூடிய யந்திரத்துக்குக் காற்று குறையும். அடுத்தவர் வீட்டு மாடி உயர்ந்தால் முதல்வரின் யந்திரம் முடங்கும். சிறு யந்திரங்கள் பெருகிய பின் வழக்குத் தீர்ப்பதைவிட, முதல் யந்திரத்துக்கு அநுமதி கேட்கும்போதே மேல்காற்றுத் திசையில் எல்லையிலிருந்து இத்தனை விட்டம் தள்ளி என்று குறித்து வைப்பது நலம். தனித்தனியே நடாமல், காற்றுக்கு முகம் கொடுத்த ஓரத்தில் உள்ள நாலைந்து நிலச்சொந்தக்காரர் கூட்டுறவுச் சங்கமாய்ச் சேர்ந்து, எல்லையைப் பாராமல் ஒரே வரிசையாய் நட்டு, நிலத்தின் அளவுக்கேற்ப வருமானத்தைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடே இம்முறைக்கு இயல்பாய்ப் பொருந்தும். ஜோடி யந்திரங்களுக்கு வேலியெல்லை தெரியாது. ஒருவர் நிலத்தில் வலஞ்சுழியும் அடுத்தவர் நிலத்தில் இடஞ்சுழியும் நிற்கவேண்டி வரலாம். இருவரும் பேசிக்கொள்ளாதவர்களாயின் யந்திரமும் பேசாது.

பரீட்சைக்கு இடம் பார்க்கச் செல்வோர் ஆடி மாதத்தில் சென்று பார்த்தல் நலம். பல வருஷக் காற்றில் வளர்ந்த மரங்கள் எப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்று அப்போது நன்றாய்த் தெரியும். கம்பத்தை அம்மரங்களுக்கு மேற்கே நடவேண்டும். கிழக்கே நட்டால் அளப்பது மரத்தின் நிழலிலுள்ள காற்றையே.